டிக் அடித்த இடத்தில் ஸ்ப்ளிட் பின் இல்லை: முதல் பறப்புக்கு முன் நீங்கள் என்ன செய்தீர்கள்?

பாலாற்றங்கரை (காட்பாடி), ஞாயிறு இரவு

வணக்கம். நான்கு வருடமாக இங்கே படித்துக்கொண்டிருக்கிறேன், எழுதியது குறைவு. குடியாத்தம் போகும் பக்கம் எங்கள் மாந்தோப்பில் ஷெட் போட்டு, நானும் மச்சானும் ஒரு கிட் விமானம் (பாகங்களாக வாங்கி நாமே பொருத்துவது) கட்டி வருகிறோம். இரண்டு இருக்கை, மேல் இறக்கை, அலுமினியக் குழாயும் துணியும். எஞ்சின் ரோட்டாக்ஸ் 912, நூறு குதிரைத்திறன். ஆபத்தில் விமானத்தையே தாங்கி இறக்கும் ராக்கெட் பாராசூட்டும் உண்டு. டிஜிசிஏ (விமானப் போக்குவரத்து இயக்குநரகம்) காகித வேலை ஓடிக்கொண்டிருக்கிறது. அனுமதி வந்த பிறகுதான் பறப்போம், அதுவும் ஒழுங்கான ஓடுதளத்தில்தான். அதுவரை தோப்புக்குள் 150 மீட்டர் மண் பாதையில் நடை வேகத்தில் ஓட்டிப் பார்க்கிறோம்.

இன்று காலை அப்படி மூன்று முறை ஓட்டினோம். எஞ்சின், பிரேக், ரடர் (மூக்கை இடம் வலம் திருப்பும் வால் பலகை) எல்லாம் சரி. சாயங்காலம் தார்ப்பாய் போடும்போது வால் பக்கம் குனிந்தேன். எலிவேட்டரை (மூக்கை ஏற்றி இறக்கும் வால் பலகை) இழுக்கும் புஷ்ராடு என்ற கம்பியின் போல்ட்டில் காஸ்டில் நட் இருக்கிறது, அது கழலாமல் குறுக்கே செருகும் ஸ்ப்ளிட் பின் இல்லை. கையால் திருகினேன், நட் சுற்றியது.

வேலைப் பட்டியல் நோட்டை எடுத்துப் பார்த்தேன். அந்த வரிக்கு நேராக என் கையெழுத்தில் டிக். தேதியும் போட்டிருக்கிறேன். அந்த நாள் எனக்கு நினைவிருக்கிறது. நட் மாட்டும்போது கரண்ட் போனது. வீட்டிலிருந்து அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று போன் வந்தது. போய்விட்டு வந்து, அடுத்த வேலையில் கை வைத்திருக்கிறேன். பின் போட்டதாக மனதில் பதிந்துவிட்டது.

இரவு சாப்பாடு இறங்கவில்லை. நோட்டில் முந்நூறுக்கு மேல் டிக் இருக்கிறது. எல்லாம் நான் போட்டது. இனி அதில் எதை நம்புவது? உங்களில் கட்டி முடித்துப் பறந்தவர்கள், இந்தக் கட்டத்தில் என்ன செய்தீர்கள் என்று சொல்லுங்கள்.

பாய்லர் ஃபிட்டர் (ராணிப்பேட்டை), ஞாயிறு இரவு

தம்பி, முதலில் ஒன்று. தரையில் கண்ணில் பட்டது, அதற்கு நன்றி சொல்லுங்கள்.

முப்பத்திரண்டு வருடம் பாய்லர் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். எங்கள் வேலையில் இறுக்கியவன் கையெழுத்து வேறு, சரிபார்த்தவன் கையெழுத்து வேறு. இரண்டும் ஒரே ஆளாக இருந்தால் அந்தத் தாளை வாங்கவே மாட்டார்கள். சில இடங்களில் வேலை அதோடு நிற்கும். இரண்டாவது ஆள் வந்து பார்க்காமல் அடுத்த வெல்டு தொடக்கூடாது. தெரியாதவன் செய்த தப்பைப் பிடிக்க இந்த ஏற்பாடு என்று நினைக்காதீர்கள். நன்றாகத் தெரிந்தவன் கண்ணுக்குத்தான் தான் செய்த வேலை முழுசாக முடிந்தது போலத் தெரியும். போடாத பின்கூடப் போட்டதாகத் தெரியும்.

அந்த முந்நூறையும் மறுபடி திறக்க வேண்டும். நோட்டை மூடி வையுங்கள், புது நோட்டு போடுங்கள். ஒவ்வொரு போல்ட்டையும் டார்க் ரெஞ்சில் (இறுக்கத்தை அளக்கும் ஸ்பானர்) வைத்துப் பார்த்த பிறகு, நட்டுக்கும் பாகத்துக்கும் குறுக்கே ஒரு வண்ணக் கோடு இழுங்கள். நகப்பூச்சு போதும். நட் நகர்ந்தால் கோடு உடையும், இரண்டு அடி தள்ளி நின்றே தெரியும். நீங்கள் இறுக்கியதற்கு மச்சான் கோடு போடட்டும், அவர் இறுக்கியதற்கு நீங்கள்.

வேலை நடுவில் போன் வந்தால் ஸ்பானரை அந்த நட்டின் மேலேயே தொங்கவிட்டுப் போங்கள். திரும்பி வந்ததும் விட்ட இடத்திலிருந்து தொடராமல், மூன்று படி பின்னால் போய் ஆரம்பியுங்கள்.

மூன்றாமாண்டு ஏரோ, திங்கள் காலை

அண்ணா, இத்தனை வருட உழைப்பு, மனம் விடாதீர்கள். ஆனால் நடை வேகத்தில் ஓட்டினால் எலிவேட்டர், எய்லரான் (விமானத்தைப் பக்கவாட்டில் சாய்க்கும் இறக்கைப் பலகை) வேலை செய்கிறதா என்றே தெரியாது. ஊருக்கு வெளியே பிளாட் போட்டு விற்காமல் கிடக்கும் லேஅவுட்களில் நல்ல தார் ரோடு இருக்கிறதே, 600 மீட்டர் வரைக்கும் நேராக. ஞாயிறு காலை ஆள் இருக்க மாட்டார்கள். பறக்காமல், சக்கரம் லேசாகும் வேகம் வரை ஓட்டிப் பார்த்து நிறுத்தினால் பல விஷயம் தெரிந்துவிடுமே?

மேல்காற்று (மைக்ரோலைட் பயிற்றுநர்), திங்கள் காலை

வேண்டாம். இதைப் படிக்கிற யாரும் இதைச் செய்ய வேண்டாம். தம்பி நல்லெண்ணத்தில் சொல்கிறார், அவர் மேல் எனக்குக் கோபமில்லை. ஆனால் வீட்டில் கட்டிய விமானங்கள் திட்டமில்லாமல் பறந்துவிடும் வழிகளில் இது முக்கியமானது.

கணக்கைப் பாருங்கள். இந்த வகை விமானம் மணிக்கு 70 கிலோமீட்டர் பக்கத்திலேயே தரையை விடும். ஒருவர் மட்டும், பாதி டேங்க், எதிரே லேசான காற்று என்றால் இன்னும் சீக்கிரம். "சக்கரம் லேசாகும் வேகம்" என்று நீங்கள் நினைப்பதற்கும் அது எழும்புவதற்கும் நடுவே ஒரு நொடி இருந்தால் அதிகம். எழும்பியதும் பயந்து த்ராட்டிலை மூடுவீர்கள். மூக்கு விழும், கட்டுப்பாட்டுக் குச்சியை இழுப்பீர்கள், மறுபடி எழும்பும். அதற்குள் ரோடு பாதி தீர்ந்திருக்கும், எதிரே கரண்ட் கம்பம். இறங்க இடமில்லை, ஏறத் தைரியமில்லை, அனுமதியும் இல்லை, காப்பீடும் இல்லை. அந்த நட் அன்றைக்குக் கழன்றிருந்தால் எலிவேட்டரே இருந்திருக்காது.

வேகமாக ஓட்டிப் பார்க்கும் ஒவ்வொரு முறையும் முதல் பறப்புக்குச் செய்யும் அத்தனை தயாரிப்பும் இருக்க வேண்டும். ஹெல்மெட், தீயணைப்பான், ஆம்புலன்ஸ், பறக்கத் தெரிந்தவர் இருக்கையில். அதில்லாமல் ஓடினால் விவசாய டிராக்டர் வேகத்தைத் தாண்டாதீர்கள்.

வேலூர்க்காரர்களுக்கு இன்னொன்று. உங்கள் ஊர் வெயில் உங்களுக்குத் தெரியும், எஞ்சினுக்கும் இறக்கைக்கும் அது என்ன செய்கிறது என்று கணக்குப் போட்டிருக்கிறீர்களா? ஊர் கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 700 அடி. சூடான காற்று மெல்லியது. அந்த உயரத்துக்கு விமானத் துறை அட்டவணை வைத்திருக்கும் வெப்பநிலை 13 டிகிரி சொச்சம். மே மாதம் மதியம் 42 டிகிரி. கூடுதலாக இருக்கும் ஒவ்வொரு டிகிரிக்கும் சுமார் 120 அடி சேர்த்தால், விமானம் 4,000 அடி உயரத்தில் இருப்பது போலத்தான் நடந்துகொள்ளும். அதாவது ஏலகிரி ஊருக்கும் மேலே நின்று கிளம்புவது போல. காலை ஆறு மணிக்கு 27 டிகிரி என்றால் அதே கணக்கு 2,300 அடிதான் வரும். முதல் பறப்பு விடியற்காலையில்தான். எட்டு மணியாகிவிட்டால் அன்றைக்கு மூடிவிட்டு வீட்டுக்குப் போங்கள்.

மூன்றாமாண்டு ஏரோ, திங்கள் மதியம்

மன்னிக்கவும் சார். கம்பத்தை நான் யோசிக்கவே இல்லை.

ஓ.டி. சிஸ்டர் (வேலூர்), செவ்வாய் அதிகாலை

விமானம் பற்றி எனக்குத் தெரியாது. தம்பி இங்கே படிப்பான், அவன் காட்டித்தான் இந்த இழையைப் பார்த்தேன். ஆனால் "நானே டிக் அடித்தேன்" என்ற வரியைப் படித்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை.

நான் அறுவை அரங்கில் பதினெட்டு வருடமாக வேலை செய்கிறேன். அங்கே தாளில் டிக் அடிப்பது பெரிதில்லை. ஒருவர் சத்தமாகப் படிக்க வேண்டும், இன்னொருவர் அந்தப் பொருளைப் பார்த்துத் தொட்டுப் பதில் சொல்ல வேண்டும். உலக சுகாதார நிறுவனம் 2008-ல் அறுவைக்கான சரிபார்ப்புப் பட்டியலைக் கொண்டுவந்தது. அதில் மூன்று நிறுத்தம்: மயக்க மருந்துக்கு முன், கத்தி வைக்கும் முன், நோயாளி அரங்கை விட்டுப் போகும் முன். அந்த நேரத்தில் எல்லோரும் கையை நிறுத்திவிட்டுக் கேட்க வேண்டும்.

பல வருடம் முன்பு, நான் புதுசு. தையலுக்கு முன் பஞ்சுத்துணி எண்ணினால் ஒன்று குறைந்தது. பெரிய டாக்டர், ஆறு மணி நேரம் நின்ற களைப்பு. "சரியாக எண்ணு" என்றார். மறுபடி எண்ணினேன், குறைந்தது. எனக்குக் கால் நடுங்கியது. "சார், தைக்க வேண்டாம்" என்றேன். அவர் நிறுத்தினார். விரிப்பின் மடிப்பில் இருந்தது அந்தத் துணி. உள்ளே இல்லை. ஆனாலும் அவர் என்னைத் திட்டவில்லை, "இனிமேலும் இப்படியே சொல்லு" என்றார்.

அண்ணா, உங்கள் ஷெட்டில் "வேண்டாம்" என்று சொல்ல யார் இருக்கிறார்கள்? மச்சானுக்கும் உங்கள் அளவுக்கே ஆசை இருக்கும். விமானத்தின் மேல் ஆசையே இல்லாத ஒருவர், உங்கள் மேல் அக்கறை மட்டும் உள்ள ஒருவர் வேண்டும். அவர் சொன்னால் காரணம் கேட்காமல் நிறுத்துவேன் என்று முன்பே ஒப்புக்கொள்ள வேண்டும்.

மேல்காற்று, செவ்வாய் காலை

சிஸ்டர், எங்கள் துறையில் பட்டியல் வந்த கதையும் இப்படித்தான். 1935 அக்டோபர் 30, அமெரிக்காவில் ரைட் ஃபீல்டில் போயிங் 299 என்ற பெரிய குண்டுவீச்சு விமானம், இராணுவத்துக்குக் காட்டும் பறப்பில் எழும்பியவுடன் விழுந்தது. ஓட்டியவர்கள் தேர்ந்த சோதனை விமானிகள். தரையில் காற்றுக்கு அசையாமல் இருக்க வால் பாகங்களைப் பூட்டி வைத்திருந்தார்கள், அந்தப் பூட்டை எடுக்காமலே கிளம்பிவிட்டார்கள். அதற்குப் பிறகுதான் விமானி கையில் எழுதிய பட்டியல் வந்தது.

பாலாற்றங்கரை, ஸ்ப்ளிட் பின் விஷயம் சரி. எய்லரான் திசை பார்த்தீர்களா? கேட்க அற்பமாக இருக்கும். லங்காஸ்டர் குண்டுவீச்சு விமானத்தை வடிவமைத்த ராய் சாட்விக் 1947 ஆகஸ்டில் இறந்தது இதனால்தான். அவ்ரோ டியூடர் விமானத்தில் எய்லரான் கேபிளை மாற்றிக் கட்டியிருந்தார்கள். 2018 நவம்பரில் ஏர் அஸ்தானாவின் எம்ப்ரேயர் ஜெட், போர்ச்சுகலில் பராமரிப்பு முடிந்து கிளம்பியபோதும் அதே தவறு. நெடுநேரம் போராடித்தான் இறங்கினார்கள். இருக்கையில் உட்கார்ந்து குச்சியை இடப்பக்கம் தள்ளினால் இடப்பக்க எய்லரான் மேலே போக வேண்டும். "அசைகிறது" என்று சொன்னால் போதாது. வெளியே நிற்பவர் "இடது மேலே, வலது கீழே" என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும்.

பாலாற்றங்கரை, வெள்ளி இரவு

எல்லோருக்கும் நன்றி. நான்கு நாளாக வேலைக்கு லீவு போட்டுவிட்டு இதையே செய்தோம்.

புது நோட்டு. படிப்பவர் என் மனைவி. அவர் பள்ளி ஆசிரியை, விமானத்தில் துளி ஆசை கிடையாது, இத்தனை வருடம் ஷெட் பக்கம் வந்ததே குறைவு. சிஸ்டர் எழுதியதைப் படித்துக் காட்டினேன். உடனே சரி என்றார். அவர் ஒவ்வொரு வரியாகப் படித்தார், மச்சான் தொட்டுப் பதில் சொன்னார், நான் எதுவும் பேசக்கூடாது என்று ஏற்பாடு. பேசாமல் இருப்பதுதான் எனக்குச் சிரமமாக இருந்தது. இரண்டு இடத்தில் "அது சரியாகத்தான் இருக்கும், அடுத்தது போங்கள்" என்று வாய் வந்துவிட்டது. இரண்டு முறையும் அவர் நோட்டை மூடி மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தார்.

கண்டுபிடித்தவை இவை. எரிபொருள் வடிகட்டிப் பக்கம் ஒரு ஹோஸ் கிளிப் கையிறுக்கத்தில் நின்றிருந்தது. வலது பெடலுக்குக் கீழே குழாய் இடுக்கில் சின்ன டார்ச் ஒன்று. போன வருடம் காணோம் என்று மச்சானும் நானும் சண்டை போட்ட அதே டார்ச். ரடரை முழுக்க மிதித்தால் பெடல் அதில் தட்டியிருக்கும். எய்லரான் திசை சரி.

புஷ்ராடுக்குப் புதுப் பின் போட்டாகிவிட்டது. போட்டது மச்சான், பின்னின் கால்களை விரித்து மடக்கியதைப் பார்த்தது ஃபிட்டர் ஐயா. ஆம், வியாழன் அன்று பஸ் பிடித்து வந்தார். அன்று முழுக்க இருந்தார்.

ஆம்பூர் மெக்கானிக், வெள்ளி இரவு

பெட்ரோல் பற்றி யாரும் பேசவில்லை. பங்கில் இப்போது கிடைப்பது இருபது சதவீதம் எத்தனால் கலந்தது. ரோட்டாக்ஸ் இந்த எஞ்சினுக்குப் பத்து சதவீதம் வரைதான் ஒப்புக்கொள்கிறது. எத்தனால் ஈரத்தை இழுக்கும், நின்றால் தண்ணீர் பிரிந்து அடியில் தங்கும், பழைய ரப்பர் ஹோஸையும் டேங்க் உள்பூச்சையும் கெடுக்கும். எந்தப் பெட்ரோல், எங்கிருந்து வரும் என்பதை இப்போதே முடிவு செய்யுங்கள்.

பெட்ரோல் ஓட்டம் அளந்தீர்களா? எஞ்சின் தரையில் நன்றாக ஓடியது என்பது போதாது. தரையில் மூக்கு நேராக இருக்கிறது, ஏறும்போது மேலே தூக்கும். மூக்கை ஏறும் கோணத்துக்கு முட்டுக்கொடுத்துத் தூக்கி, டேங்கில் கொஞ்சமே வைத்து, கார்புரேட்டர் முனையில் ஹோஸைக் கழற்றி அளவு கேனில் விடுங்கள். உங்கள் எஞ்சின் முழு த்ராட்டிலில் மணிக்குச் சுமார் 27 லிட்டர் குடிக்கும். தானாக இறங்கும் அமைப்பில் அதைப்போல் ஒன்றரை மடங்கு வர வேண்டும், பம்ப் வைத்து என்றால் ஒன்றேகால் மடங்கு. பத்து நிமிடத்தில் கேனில் ஏழு லிட்டர் பக்கம் வந்தால் நிம்மதி. தீ பக்கத்தில் வேண்டாம், எர்த் கம்பி கட்டிவிட்டுச் செய்யுங்கள்.

எரிபொருள் வால்வு எங்கே இருக்கிறது? பெல்ட் போட்டு உட்கார்ந்து, தலையைத் திருப்பாமல் கை எட்டுகிறதா? அமெரிக்கப் பாடகர் ஜான் டென்வர் 1997 அக்டோபரில் இறந்தது நினைவிருக்கும். அவர் வாங்கிய லாங்-ஈஸி விமானத்தை வேறொருவர் வீட்டில் கட்டியிருந்தார். வடிவமைப்பில் கால்களுக்கு நடுவே இருந்த வால்வுக் கைப்பிடியை, கட்டியவர் விமானியின் இடது தோளுக்குப் பின்னால் வைத்துவிட்டார். எட்டவில்லை என்று டென்வருக்கும் தெரியும், பிடிக்க இடுக்கி வைத்துக்கூடப் பார்த்தார். பெட்ரோல் குறைவாக இருந்தும் நிரப்பாமல் கிளம்பினார். வால்வைத் திருப்பத் திரும்பியபோது வலது ரடரை மிதித்துவிட்டார் என்றுதான் விசாரணை முடிவு. கட்டியவர் வைத்த இடம், ஓட்டியவர் நிரப்பாதது, புது விமானத்துக்குப் போதிய பயிற்சி இல்லாதது, மூன்றையும் அந்த அறிக்கை எழுதியிருக்கிறது.

பாலாற்றங்கரை, சனி மதியம்

ஓட்டம் அளந்தோம். மூக்கு உயர்த்தி, பம்ப் இல்லாமல், பத்து நிமிடத்தில் 5.8 லிட்டர். போதாது. டேங்க் மூடியின் காற்றுத் துளை பாதி அடைத்திருந்தது, குளவி மண் கட்டியிருக்கிறது. சுத்தம் செய்த பிறகு 7.1. தரையில் ஓட்டியபோது இது தெரியவே இல்லை. வால்வு எட்டுகிறது.

இப்போது மனதில் இருப்பதைக் கேட்டுவிடுகிறேன். முதல் பறப்பு நான்தான் பறப்பேன் என்று நான்கு வருடமாகச் சொல்லி வந்திருக்கிறேன். உரிமம் இருக்கிறது, 48 மணி நேரம் பறந்திருக்கிறேன். கடைசியாகப் பறந்து எட்டு மாதம் ஆகிறது. மேல்காற்று சார், நேராகச் சொல்லுங்கள்.

மேல்காற்று, சனி இரவு

நேராகச் சொல்கிறேன். முதல் பறப்பை நீங்கள் பறக்க வேண்டாம்.

அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் 2012-ல் வீட்டில் கட்டிய விமானங்களைப் பற்றி ஓர் ஆய்வு வெளியிட்டது. அங்கே தனியார் சிறு விமானங்களில் இவை ஏறக்குறைய பத்து சதவீதம்தான். 2011-ல் நடந்த விபத்துகளில் சுமார் 15 சதவீதமும், உயிர் போன விபத்துகளில் 21 சதவீதமும் இவைதான். எஞ்சின் நிற்பதும், விமானம் கட்டுப்பாட்டை இழப்பதும் முக்கியக் காரணங்கள். விமானத்தின் முதல் சில மணி நேரங்களில்தான் ஆபத்து குவிகிறது. அதனால்தான் அங்கே பொதுவாக முதல் 40 மணி நேரம், சான்றிதழ் பெற்ற எஞ்சினும் புரொபெல்லரும் என்றால் 25, பயணி யாரும் இல்லாமல், குறிப்பிட்ட பகுதிக்குள் பறக்க வைக்கிறார்கள்.

புது விமானம் எப்படி நடந்துகொள்ளும் என்று யாருக்கும் தெரியாது. ஓட்டுபவரின் கையாவது பழகிய கையாக இருக்க வேண்டும். 300 அடியில் எஞ்சின் நின்றால் மூக்கை உடனே கீழே தள்ளி நேரே முன்னால் இறங்க வேண்டும். திரும்பி ஓடுதளத்துக்கே வர மனம் இழுக்கும், தன் கையால் கட்டியவனுக்கு இன்னும் பலமாக இழுக்கும். விமானத்தைக் காப்பாற்றப் பார்ப்பீர்கள். வேறொருவருக்கு அது உலோகமும் துணியும்தான், உடைத்துவிட்டு நடந்து வெளியே வருவார்.

தேர்ந்தவர்களுக்கும் தவறும் என்பதை மறைக்கவில்லை. 2009 மார்ச் 6, பெங்களூரு பக்கம் பிடதி அருகே சாரஸ் சோதனை விமானம் விழுந்து விமானப்படையைச் சேர்ந்த மூவர் இறந்தார்கள். பறப்பில் ஓர் எஞ்சினை வேண்டுமென்றே நிறுத்தி மறுபடி இயக்கும் சோதனை. அந்தச் செயல்முறையே தவறாக வகுக்கப்பட்டிருந்தது, செய்த உயரமும் போதவில்லை என்றது விசாரணை. காகிதத்தில் எழுதியதை இன்னொருவர் கேள்வி கேட்டுப் பார்க்க வேண்டும் என்பதற்காகச் சொல்கிறேன்.

நீங்கள் என்னிடம் வந்து இதே எடையுள்ள விமானத்தில் பத்து மணி நேரம் பறங்கள். முதல் ஐந்து பறப்பு நான் செய்கிறேன். ஆறாவது உங்களுடையது.

பாய்லர் ஃபிட்டர், சனி இரவு

தம்பி, சாட்டிலைட் படம் பார்த்து ஓடுதளத்தின் இரண்டு முனைக்கும் அப்பால் இறங்கக்கூடிய வயல் எது, கிணறு எங்கே, கம்பி எங்கே என்று குறித்து வையுங்கள். முன்னாலேயே நடந்து போய்ப் பார்த்துவிட வேண்டும். நிலக்கடலை வயலும் கரும்பு வயலும் ஒன்றில்லை. 108-க்குச் சொல்ல, பாதை முனையில் இருக்கும் கோயிலோ பள்ளியோ, ஓர் அடையாளமும் வேண்டும். ராக்கெட் பாராசூட் இருக்கிறது என்றீர்களே, காப்பாற்ற ஓடுபவர் அதைத் தொட்டால் அவர் உயிருக்கே ஆபத்து. அதன் பாதுகாப்புப் பின்னை எங்கே செருகுவது என்று ஓடுபவர் ஒவ்வொருவருக்கும் காட்டுங்கள்.

பாலாற்றங்கரை, ஞாயிறு காலை

இரவு முழுக்க யோசித்தேன். மனைவியிடம் கேட்டேன். அவர் புது நோட்டை எடுத்து, "முதல் பறப்பு: நான் அல்ல" என்று என்னையே எழுதச் சொல்லி, கீழே கையெழுத்துப் போட்டார். வருத்தம் இருக்கிறது, பொய் சொல்ல மாட்டேன். மேல்காற்று சார், அடுத்த மாதம் முதல் வாரம் பயிற்சிக்கு வருகிறேன்.

வரும் ஞாயிறு எடை போடுகிறோம். லாங் பஜாரில் தெரிந்த அரிசிக் கடையிலிருந்து ஒரே மாதிரி மூன்று தராசு வருகிறது. சக்கரத்துக்கு ஒன்று. விமானத்தைப் பறக்கும் மட்டத்துக்கு நிறுத்தி, ஷெட் கதவை அடைத்துக் காற்று படாமல், காலை ஆறரைக்கு. எடை மையம் பின்னால் போனால் பேட்டரியை முன்னால் நகர்த்த வேண்டியிருக்கும். வர முடிந்தவர்கள் வாருங்கள், இட்லி எங்கள் வீட்டில். கணக்கை இரண்டு பேர் தனித்தனியாகப் போட்டு, பிறகு ஒப்பிடப்போகிறோம்.

பாய்லர் ஃபிட்டர், ஞாயிறு காலை

தராசை முதலில் தெரிந்த எடை வைத்துச் சோதியுங்கள். 20 கிலோ படிக்கல் நான் கொண்டு வருகிறேன்.

மூன்றாமாண்டு ஏரோ, ஞாயிறு மதியம்

ஒரு கணக்கு நான் போடுகிறேன் அண்ணா. மற்றதை யார் போட்டாலும் என்னிடம் காட்டாதீர்கள்.

ஓ.டி. சிஸ்டர், ஞாயிறு இரவு

எனக்கு அன்று நைட் டியூட்டி, ஏழரைக்கு முடியும். எட்டேகாலுக்குள் வந்துவிடுவேன். பட்டியலை அக்கா படிக்கட்டும், பக்கத்தில் உட்கார்ந்து நான் எண்ணுகிறேன். நான் வரும்வரை கதவைத் திறக்காதீர்கள்.